தூக்குக்குண்டு வாங்கிக்கொண்டு வா

தில்லை நகர்,
திருச்சி.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய படங்களையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு ரிவெட் வரிசையோடு புடைத்து நிற்கிற அந்தத் தாய்லாந்து வண்டிதான் உன் மனசில் இருப்பது என்று தெரிகிறது. உன் அம்மா ஃபோன் பண்ணி, "நல்ல வண்டியா பார்த்து வாங்கிட்டு, அதுல எதையோ ஒட்டப்போறேங்கிறான், நீயாவது சொல்லேன்டா" என்றாள். அக்கா சொல்கிறாள் என்பதற்காக நான் வேண்டாம் என்று எழுதப்போவதில்லை. இந்த வயசில் ஒரு வி-கிராஸ் பிக்கப் கைக்கு வந்தால் மட்கார்டு கொஞ்சம் அகன்று நிற்கட்டுமே என்று தோன்றத்தான் செய்யும். 1975-இல் போர்ஷே தன் 911 டர்போவின் பின்பக்கத்தை அகட்டியதும், 1980-இல் ஆடி குவாட்ரோவுக்குச் சதுரமாகப் புடைப்பு வைத்ததும் அகன்றுபோன சக்கரத்தை மூடுவதற்காக. ஜனங்களுக்குப் பிடித்துப்போனது புடைப்பு. எனக்கும் பிடிக்கும், மறைப்பானேன்.

மட்கார்டின் மேல் மாட்டி அதை அகட்டிக்காட்டுகிற ஃபிளேரில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். எந்த டயர் போடப்போகிறாய், ரிம்மை மாற்றுகிறாயா இல்லையா என்று நான் திருப்பிக் கேட்கிறேன். இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் ஃபிளேர் வாங்குவது, பாத்திரம் எதுவென்று தெரியாமல் மூடி வாங்குகிற கதை.

கணக்காகவே பார்க்கலாம். உன் வண்டியில் இருப்பது 255/60 ஆர் 18. டயரின் அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 18 அங்குலம். ஹைலக்ஸில் வருகிற 265/60-க்குப் போனால் அகலம் 10 மில்லிமீட்டர் கூடும். அது உள்ளே பாதி, வெளியே பாதி என்று பிரிந்துவிடும். ஆக வெளியே வருவது 5 மில்லிமீட்டர். அதை மூட எதுவும் வேண்டாம். உன் சிநேகிதன் சொன்ன 285/60 போட்டால்கூட, டயரால் மட்டும் வெளியே வருவது 15 மில்லிமீட்டர்தான். ஆனால் டயரின் விட்டம் 763-இலிருந்து 799 மில்லிமீட்டருக்கு ஏறிவிடும், கிட்டத்தட்ட 5 சதவீதம். மீட்டர் 80 காட்டும்போது வண்டி 84-ஐ ஒட்டி ஓடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள் லைனரில் உரச வாய்ப்பு அதிகம். அந்த உரசலுக்கு ஃபிளேர் மருந்தில்லை. அது மூடுவது வெளிப்பக்கத்தை, உரசுவது உள்ளே.

சக்கரத்தை நிஜமாகவே வெளியே தள்ளுவது ரிம்மின் ஆஃப்செட். அலாயின் உள்பக்கத்தில் இ.டி. என்று போட்டு ஒரு எண் அச்சிட்டிருக்கும். ஹப்பில் உட்காருகிற முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதுதான் அது. இ.டி. 30 உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு அதே அகலத்தில் இ.டி. 0 போட்டால் சக்கரம் முழு 30 மில்லிமீட்டர் வெளியே வந்துவிடும். படத்தில் கம்பீரமாகத் தெரிகிறதே, அந்தக் கம்பீரத்தில் பெரும்பங்கு இந்த எண்தான். அதற்குக் கொடுக்கிற விலையை வீல் பேரிங் சுமக்கும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போது ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் வைத்துத் தள்ளுகிறவர்களும் உண்டு. ரிம்மை மாற்றாமல் ஸ்பேசர் மட்டும் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தக் கடையில் டீ குடித்துவிட்டு வந்துவிடு.

என் யோசனை, ரிம் கம்பெனி ரிம்மாகவே இருக்கட்டும். டயர் தேயும்போது 265-க்குப் போ, ஆல்-டெர்ரெய்ன் வகையில். தொட்டியத்தில் உங்கள் வாழைத் தோட்டத்துக்கு இறங்குகிற வாய்க்கால் கரைக்கும், மாதத்தில் ஒரு ஞாயிறு நீ போகிற பச்சைமலைக்கும் அது போதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுக்கும் போதும், சொல்லப்போனால் அங்கே அகல டயரைவிடப் பொறுமை அதிகம் உதவும்.

இனி அளவு. மேஸ்திரிகள் சுவர் கட்டும்போது பிடிக்கிற தூக்குக்குண்டு ஒன்று வாங்கிக்கொள், ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மட்கார்டு வளைவின் உச்சியில், அதன் வெளி விளிம்பிலிருந்து நூலைத் தொங்கவிடு. நூலுக்கும் டயரின் மிகப் புடைத்த இடத்துக்கும் நடுவே ஸ்கேல் வைத்துப் பார். டயர் நூலுக்கு உள்ளே இருந்தால் உனக்குத் தேவையான ஃபிளேர் பூஜ்யம், அதற்குமேல் வாங்குவதெல்லாம் அழகுக்கு. அழகுக்கு வாங்கு, நான் தடுக்கவில்லை. ஆனால் அழகுக்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் 30 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளத் தோன்றும். தேவைக்கு என்று நம்பி வாங்கினால்தான் 70, 80 என்று கை போகும். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக அள. பழைய வண்டி, எங்கேயாவது டிங்கர் வேலை நடந்திருந்தால் இடமும் வலமும் ஒத்துவராது. பின்பக்கத்தை இரண்டு தடவை அளக்க வேண்டும், காலியாக ஒரு தடவை, வாழைத்தார் ஏற்றியபிறகு ஒரு தடவை. பின்னால் பட்டை ஸ்பிரிங், சுமை ஏறினால் டயர் வளைவுக்குள் ஏறிப்போகும். வளைவின் உள் மடிப்பில் ஃபிளேரின் திருகு முனை நீட்டிக்கொண்டிருந்தால் அது டயரைத்தான் முதலில் பதம் பார்க்கும். முன்பக்கத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் ஒரு மேட்டில் ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பார்.

அடுத்து, பெரும்பாலான பையன்கள் பணத்தைக் கோட்டைவிடுகிற இடம். நம் நாட்டில் ஓடுகிற வி-கிராஸ் 2016 முதல் ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகிறது. இது டி-மேக்ஸின் இரண்டாம் தலைமுறை உடல், தாய்லாந்தில் 2011-இல் வந்தது. அங்கே 2019 அக்டோபரில் மூன்றாம் தலைமுறை வந்துவிட்டது. தகடும் வேறு, சக்கர வளைவும் வேறு. நீ இணையத்தில் "டி-மேக்ஸ் 2021 ஃபிளேர்" என்று தேடினால் வருவது அந்தப் புதிய உடலுக்கானது. உன் ஆர்.சி.யில் 2021 என்று இருப்பதால் பொருந்தும் என்று நினைத்து வாங்கினால், பிரித்துப் பார்க்கிற நாளில் ஒரு வளைவிலும் உட்காராது. விற்கிறவரிடம் வருஷத்தைச் சொல்லாதே. 2012-இலிருந்து 2019 வரையிலான தாய்லாந்து உடலுக்கானதா என்று கேள், முன்பக்க மட்கார்டின் படத்தை அனுப்பிக் கேள். பின்பக்கத்துக்கு இரட்டை கேபின், கம்பெனி டெக் என்று சொல்ல வேண்டும். ஒற்றை கேபின் வண்டியின் டெக் வளைவு வேறு மாதிரி. டீசல் மூடி திறக்கிறதா என்பதையும் பொருத்துமுன் வைத்துப் பார்த்துவிடு.

பொருள் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம், நாலு வகைதான் நம் பக்கம் வரும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் அதிகம் கிடைப்பது, கெட்டியாக இருக்கும், பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும், அடிபட்டால் விரிசல் விடும். டி.பி.ஓ. என்பது கொஞ்சம் ரப்பர் குணம் உள்ளது. கம்பெனிக்காரர்கள் பம்பருக்குப் போடுகிற குடும்பம். வளைந்து கொடுக்கும், ஆனால் சரியான பிரைமர் இல்லாமல் பெயிண்ட் உரிந்துவிடும். பாலியூரித்தேன் இன்னும் மெத்தென்று இருக்கும், நல்லது, விலையும் அதற்கேற்ப. நாலாவது ஃபைபர். நம் ஊரிலேயே அச்சு எடுத்து ஃபைபரில் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். கையால் மேட் வைத்து ரெசின் தடவுவதால் ஒரு இடம் தடிப்பாகவும் ஒரு இடம் மெலிசாகவும் இருக்கும், பொருத்தும்போது இழுத்துப் பிடித்தால் அங்கேயே நட்சத்திர விரிசல் விழும். அதே சமயம், உடைந்தால் ஒட்டி மணல்தாள் போட்டுச் சரிசெய்துவிடலாம். உனக்கு டி.பி.ஓ. கிடைத்தால் அது, இல்லாவிட்டால் ஏ.பி.எஸ்., பெயிண்ட் அடிக்காத சொரசொரப்புக் கறுப்பு. பளபளப்புக் கறுப்பு வேண்டாம், சித்திரை வெயிலில் ஓர் ஆண்டு நின்றால் சாம்பல் பூத்துவிடும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் மேல்பூச்சு உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள். சாதா ஏ.பி.எஸ்.ஸுக்கு அது இல்லாவிட்டால் ஆயுசு குறைவு.

இன்னொரு வகையும் உன்னிடம் வரும், ஏனென்றால் இது திருச்சி. 1965-இல் பெல் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து துவாக்குடிப் பக்கம் இரும்புத் தகட்டை வளைக்கத் தெரியாத தெரு கிடையாது. "மூணு எம்.எம். ஷீட்ல வளைச்சுக் கொடுக்கறேன் தம்பி, ஆயுசுக்கும் அசையாது" என்று ஒருவர் சொல்வார், செய்தும் தருவார், வேலை சுத்தமாகவும் இருக்கும். வாங்காதே. உரசிப்போகிற சைக்கிள்காரரின் முழங்காலுக்கு எதிரே கத்தி முனையை நீட்டிக்கொண்டு ஓட்டுவதற்கு ஒப்பு அது. மத்திய அரசு 2017 டிசம்பரில் புல் பார்களுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியதே இந்தக் காரணத்துக்காகத்தான்.

இப்போது நான் உன்னை உட்காரவைத்துச் சொல்ல நினைக்கிற விஷயம், பொருத்துகிற முறை. இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்த காலம் முழுக்க நான் பார்த்த ஃபிளேர் கேடுகளில் ஃபிளேர் உடைந்தவை கொஞ்சம்தான். ஃபிளேருக்குக் கீழே தகடு கெட்டவைதான் அதிகம். வெளியே பார்த்தால் புத்தம் புதுசு. கழற்றினால் வளைவைச் சுற்றித் துரு வரிசை, ஒவ்வொரு திருகு ஓட்டையைச் சுற்றியும் பெயிண்ட் கொப்பளித்திருக்கும். மண்ணும் தண்ணீரும் ஃபிளேருக்கும் தகட்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியே வர வழி இருக்காது, வண்டி அதிரும்போதெல்லாம் அந்த மண்ணே மணல்தாள் மாதிரி பெயிண்டைத் தேய்க்கும். தோட்டத்து வண்டலும் காவிரிக் கரைப் பொடிமணலும் சேர்ந்தால் இரண்டு மழைக்காலம் போதும்.

அதனால் மூன்று காரியம். முதலாவது, வெளித் தகட்டில் ஓட்டை போடக் கூடாது. நல்ல ஃபிளேர், லைனரைப் பிடித்திருக்கிற கம்பெனித் திருகின் இடத்தையும் வளைவின் உள் மடிப்பையும் பயன்படுத்தும்படி செய்திருப்பார்கள். நீ மயங்கிய அந்த ரிவெட் வரிசை இருக்கிறதே, அது பெரும்பாலான தயாரிப்புகளில் நகைதான். ஃபிளேரில் மட்டும் திருகியிருக்கும், வண்டித் தகட்டைத் தொடவே தொடாது. இது தெரியாமல் நம்மூர் மெக்கானிக் அந்த ரிவெட் ஒவ்வொன்றுக்கும் தகட்டில் டிரில் போட்டுவிடுவார், விசுவாசத்தோடு. நீ பக்கத்தில் நில். உள் மடிப்பில் எங்கேயாவது ஓட்டை தவிர்க்க முடியாவிட்டால், டிரில் போட்டவுடன் வெட்டு முனையில் துத்தநாக பிரைமர் வைக்கச் சொல். அது காயாமல் திருகு இறங்கக் கூடாது.

இரண்டாவது, ஃபிளேரின் மேல் விளிம்பில் ரப்பர் பீடிங் சுற்றிலும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், கீழ்ப்பக்கம் மட்டும் தண்ணீர் வடிய இடம் விட வேண்டும். சிலிக்கான் போட்டு எல்லா இடத்தையும் அடைத்துவிடலாம் என்பார்கள். அடைத்தால் உள்ளே போனது உள்ளேயே இருக்கும்.

மூன்றாவது வெப்பம், இதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள ஏ.பி.எஸ். பட்டை 30 டிகிரி சூடேறினால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளும், அதே நீள இரும்பு அரை மில்லிமீட்டர்கூட நீளாது. விடியற்காலையில் குளிர்ந்து கிடக்கிற கறுப்புப் பிளாஸ்டிக் மே மாத மத்தியானத்தில் 30 டிகிரி என்ன, அதற்கு மேலும் ஏறும். அதனால் ஓட்டைகள் கொஞ்சம் நீளவாட்டில் இருக்க வேண்டும், திருகை நெரித்து முறுக்கக் கூடாது. நெரித்தால் நடுவில் அலை அலையாகத் தூக்கிக்கொள்ளும், பிறகு எந்த முறுக்கும் அதை இறக்காது. டேப் மட்டும் போட்டு ஒட்டுகிற மெல்லிய வகையும் உண்டு. நல்ல இரட்டைப் பக்க அக்ரிலிக் டேப் என்றால் பிடிக்கும். ஆனால் தகட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்து, அழுத்தி ஒட்டி, முழு ஒட்டு வர 72 மணி நேரம் விட வேண்டும். ஒட்டிய சாயங்காலமே வாட்டர் வாஷுக்கு விட்டுவிட்டு டேப் சரியில்லை என்கிறவர்களை என்ன சொல்ல.

தகட்டை வெட்டிவிட்டு மேலே போடுகிற கட்-அவுட் வகை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் பாறை ஏறுகிறவர்கள் 35 அங்குல டயருக்கு இடம் கண்டுபிடிக்கச் செய்வது. முன் மட்கார்டு போல்ட்டில் மாட்டியது, வெட்டினாலும் நாளைக்கு வேறு மாற்றலாம். பின் டெக்கின் பக்கத் தகடு அப்படியில்லை. அங்கே வெளித் தகடும் உள் தகடும் மடித்துச் சேர்ந்திருக்கிற இடத்தைத்தான் வெட்ட வேண்டிவரும். அந்த மடிப்புத் திறந்துவிட்டால் தண்ணீர் இரண்டு தகட்டுக்கும் நடுவில் இறங்கும். அந்த வேலையைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன்.

சட்டத்துக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் முரண்படுகிற மாதிரி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மாற்றம் என்றால் வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றிவிடுகிற கட்டமைப்பு மாற்றம் என்று அந்தப் பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளாவிலிருந்து போன கே. ஜெயா வழக்கில், மாநில விதி எதையாவது அனுமதித்தாலும்கூட கம்பெனியின் மூல விவரத்தை மீறக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தம் 182ஏ பிரிவை மாற்றி எழுதியது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நாமக்கல்லிலும் கரூரிலும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பாடி கட்டுகிறார்களே என்று நீ கேட்பாய். அங்கே கம்பெனி விற்பது சேஸிஸ், பாடி கட்டுகிறவருக்கும் சட்டத்தில் தனிப் படிவம், தனி விதி இருக்கிறது. உன் வண்டி முழு உருவமாக வெளியே வந்தது, அந்தச் சலுகை அதற்கு இல்லை.

இதில் என் அபிப்பிராயம், 30 மில்லிமீட்டர் ஃபிளேர், கம்பெனி ரிம், மட்கார்டுக்கு வெளியே நீளாத டயர், கழற்றினால் பழையபடி ஆகிற பொருத்தல் என்று இருந்தால் அதை அடிப்படை அம்சத்தை மாற்றியது என்று வாதாடுவது கஷ்டம். டயர் வெளியே துருத்திக்கொண்டு, வண்டி உயரம் கூட்டி, முன்னால் இரும்பு பம்பரும் வைத்து, அதோடு ஃபிளேரும் சேர்ந்தால், ஃபிளேர்தான் தூரத்திலிருந்தே ஆளைக் கூப்பிடும். வாளையார் தாண்டிக் கேரளத்துக்குள் போகும்போது இன்னும் கவனம். 2021-இல் கண்ணூரில் யூடியூப் சகோதரர்கள் இருவரின் வேன், அனுமதியில்லாத மாற்றங்களுக்காகப் பறிமுதலானது நாடு முழுக்கச் செய்தியானது. வண்டி வாங்கிய டீலரிடமே கம்பெனி அக்ஸஸரீஸ் பட்டியலைக் கேட்டுப் பார், அதில் இருந்தால் பில்லோடு வாங்கு. விலை கூடத்தான் இருக்கும். அந்த பில்லை வண்டியிலேயே வைத்திரு.

இன்ஷூரன்ஸ் பற்றி நான் பேசாமல் யார் பேசுவார்கள். முதலில் உன் ஆர்.சி.யை எடுத்துப் பார், சொந்த உபயோகமா, சரக்கு வாகனமா. வெள்ளைப் பலகையா மஞ்சள் பலகையா என்பதைப் பொறுத்துப் பாலிசியின் குணமே மாறும். சரக்கு வாகனப் பாலிசியில் ஐ.எம்.டி. 21 என்று ஒரு ஒப்புதல் வாசகம் ஒட்டியிருக்கும். விளக்கு, டயர், டியூப், மட்கார்டு, பானெட்டின் பக்கப் பாகம், பம்பர், பெயிண்ட் இவற்றுக்கு மட்டும் அடிபட்டால் பணம் கிடையாது, வண்டியே முழுசாகப் போனால்தான். இதை ஈடுகட்ட ஐ.எம்.டி. 23 என்று இன்னொன்று, கூடுதல் பிரீமியம் கட்டினால் சேர்த்துத் தருவார்கள். மட்கார்டுக்கே காப்பு இல்லாத பாலிசியை வைத்துக்கொண்டு மட்கார்டின் மேல் ஃபிளேர் மாட்டுகிறவர்கள் ஊரில் நிறைய.

சொந்த உபயோகப் பாலிசி என்றால், ஃபிளேர் மின்சாரமில்லாத அக்ஸஸரி. புதுப்பிக்கும்போது அதன் மதிப்பைத் தனியாகச் சொல்லி, வண்டியின் காப்பு மதிப்பான ஐ.டி.வி.யோடு சேர்த்து எழுதவைக்க வேண்டும். எழுதாத பொருளுக்கு சர்வேயர் பணம் எழுத முடியாது, அவர் உன் மாமாவாகவே இருந்தாலும். எழுதியிருந்தாலும் தேய்மானக் கழிவு உண்டு. பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்கு 50 சதவீதம், ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதம். இரும்புக்கு வண்டியின் வயசுப்படி, ஆறு மாதம் வரை ஒன்றுமில்லை, நாலிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 35, ஐந்து தாண்டினால் 40, பத்து தாண்டினால் 50. ஜீரோ டிப்ரிசியேஷன் எடுத்திருந்தால் இந்தக் கழிவு பெரும்பாலும் போய்விடும், ஆனால் பழைய வண்டிகளுக்கு அதை எளிதில் தரமாட்டார்கள். ஆக, நாளைக்கு உன் ஏ.பி.எஸ். ஃபிளேர் உடைந்தால் பாதி உன் பையிலிருந்து. இதைக் கேட்டுவிட்டு ஃபைபரே நல்லதோ என்று தாவாதே, பாகத்தின் விலை குறைவாக இருக்கும்போது சதவீதத்தைப் பார்த்துப் பயனில்லை. உடைந்தால் தனியாக ஒரு வளைவுக்கு மட்டும் வாங்க முடியுமா, நாலும் சேர்ந்த செட்டாகத்தான் வாங்க வேண்டுமா என்று கடையில் கேள். அதில்தான் பணம் இருக்கிறது.

மாட்டியவுடன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடு. ஒரு மின்னஞ்சல், இரண்டு புகைப்படம், பில்லின் நகல். பிறகு விபத்து நடந்தால், வண்டியை மாற்றியிருக்கிறாய், எங்களிடம் சொல்லவில்லை என்கிற பேச்சுக்கு இடம் இருக்காது.

அகலத்தைப் பற்றி அக்கா பயப்படுகிறாள், ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் பாட்டி வீட்டுப் பக்கம் இந்த வண்டி எப்படிப் போகும் என்று. வண்டியின் அகலத்தில் கடைசி வார்த்தை சைடு மிரருடையது, அது 30 மில்லிமீட்டர் ஃபிளேரைவிட எவ்வளவோ வெளியே நிற்கிறது. மிரர் போகிற சந்தில் ஃபிளேரும் போகும். ஆனால் மிரர் உயரத்தில் இருக்கிறது, மடங்கும். ஃபிளேர் கீழே இருக்கிறது, மடங்காது. தில்லை நகர் கிராஸ்களில் இரண்டு பக்கமும் ஆஸ்பத்திரிக்கும் டியூஷனுக்கும் வந்த வண்டிகள் நிறுத்தியிருக்கிற நேரத்தில், மூன்று மீட்டருக்கு மேற்பட்ட வீல்பேஸோடு நீ திரும்பும்போது பின்சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். சரியாகப் பின் ஃபிளேர்தான் நிறுத்தியிருக்கிற ஸ்கூட்டியைத் தொடும். சாஸ்திரி ரோட்டிலிருந்து வருகிறபோது ஒரு கிராஸ் தள்ளிப் போய் அகலமாகத் திரும்பிப் பழகு.

கடைசியாக ஒன்று, நீ கேட்கவில்லை. உனக்கு உண்மையில் உடனே வேண்டியது மட் ஃபிளாப். தோட்டத்திலிருந்து வருகிறபோது உன் கதவிலும் பின்னால் வருகிறவர் முகத்திலும் சேறு அடிப்பது டயருக்குப் பின்னால் கீழே தொங்குகிற ரப்பர் இல்லாததால். ஃபிளேர் சக்கரத்தின் மேல் பாதியைப் பார்த்துக்கொள்ளும், சேறு கிளம்புவது கீழ்ப்பாதியிலிருந்து. நல்ல தடித்த ரப்பரில், தரையைத் தேய்க்காத நீளத்தில், நாலு சக்கரத்துக்கும் போடு. ஃபிளேருக்கு ஆகிற செலவில் ஒரு சின்னப் பங்குகூட ஆகாது, சில கம்பெனி ஃபிளேர்களில் அதை மாட்டவே இடம் விட்டிருப்பார்கள், வாங்கும்போது பார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு வா. வாசலில் அளந்துவிட்டுப் பாலக்கரைக்குப் போவோம். அங்கே எனக்குத் தெரிந்த பெயிண்டர் ஒருவர் இருக்கிறார், மட்கார்டு வளைவுகளில் ஏற்கெனவே பட்டி பூசியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். பட்டி இருந்தால் டேப் வகையை மறந்துவிடலாம். பொருத்துகிற நாளில் கழற்றுகிற கம்பெனித் திருகு, கிளிப் எதையும் கடையில் விட்டுவிடாதே. ஒரு டப்பாவில் போட்டு, எந்தச் சக்கரம் என்று எழுதி வை. நாளைக்கு எஃப்.சி.க்குக் கழற்ற வேண்டிவந்தாலும், வண்டியை விற்க நினைத்தாலும், அந்தக் கிளிப்பைத் தேடி ஊரெல்லாம் அலைய வேண்டாம்.

அன்புடன்,
மாமா